மலையகமும் கடல்கடந்த கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் தேயிலைத் தோட்டங்களினூடே இறங்கி ஒன்றுகூடிக் களனி கங்கையாகும் இடத்தை அண்டியுள்ளது பொல்பிட்டிய. அங்குள்ள நீர்மின் நிலையம் 1969ஆம் ஆண்டு முதல் நாட்டுக்கு ஒளி வழங்கி வருகின்றது. மலைநாட்டு நீரின் பயன் தலைநகரை அடைந்தவாறு, மலைநாட்டுப் பிள்ளைகள் தலைநகரப் பல்கலைக்கழகத்தையும் அதற்கப்பாலுள்ள வெளிநாட்டுக் கலாசாலைகளையும் அடைந்தனரா? இவ்வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் உயர்கல்வி தொடக்கத்திலேயே வெளியுலகத் தொடர்புடையது. 1921இற் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரை இலண்டன் பட்டத்துக்கே ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதன்பின் வாயில்கள் பல திறந்தன. 1950இற் கொழும்புத் திட்டம் வகுக்கப்பட்டது. 1959இற் பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் உடன்பாடு கண்டது. 1960இல் ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க மாணவருக்கென மொஸ்கோவிற் பல்கலைக்கழகமொன்று நிறுவப்பெற்று, அடுத்த ஆண்டு லுமும்பாவின் பெயரைப் பெற்றது.

இதே காலத்தில் மலையகத்தின் நிலை யாது? 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. அவற்றையுங் கடந்து மேலேறிய சிலரை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எதிர்கொண்டது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்ட அச்சட்டத்தால் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். இலங்கைக் கடவுச்சீட்டு அவர்களுக்கு எட்டாப் பொருளாயிற்று. அரசுகள் தத்தம் குடிகளையே வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்குப் பரிந்துரைக்கும் ஏற்பாட்டில், நாடற்ற மாணவனைப் பரிந்துரைக்க எந்த அரசு முன்வரும்? பரீட்சைப் புள்ளிக்கு முன்பே பத்திரம் வழிமறித்தது.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற கப்பல், வசதிபடைத்த மாணவனைச் சென்னைக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுசென்றது. பட்டம் பெற்றதும் அவன் மீண்டான். அதே கப்பலேறிய தோட்டத்துப் பிள்ளைக்கோ அது மீளாப் பயணமாயிற்று. கடல்கடத்தல் ஒருவனுக்குக் கல்வியாகவும் மற்றவனுக்கு நாடிழப்பாகவும் அமைந்தமை நம் வரலாற்றின் அவலமாகும்.

இவ்விருளிலும் ஒளி இல்லாமலில்லை. 1947இல் தொடங்கப்பெற்ற இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்கிற்று. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலைக்கு முடிவு காண வழிசெய்தன.

சட்டத்தின் தடை நீங்கிற்று; ஆயின் அரைநூற்றாண்டு இழப்பைச் சட்டம் ஈடுசெய்யவில்லை. முதற் பட்டதாரி இல்லாத குடும்பத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்வார் யார்? தமிழ்ச் சங்கங்கள் ஆற்றவேண்டிய பணி இங்குள்ளது. புலமைப்பரிசில் அறிவித்தல்களைத் தமிழில் எழுதி, முடிவுத் திகதிக்கு முன்னரே அற்றன், தலவாக்கலை, பொல்பிட்டியப் பகுதிப் பாடசாலைகளிற் சேர்ப்பித்தல் பெருஞ்செலவுடைய காரியமன்று. ஆண்டுதோறும் விழா எடுக்கும் நாம் இதனையும் ஆண்டுப் பணியாக ஏற்போமாக.