சிறைகளில் கலைச் சிகிச்சை

ஓவியம், களிமண், சிற்பம் வழியாகச் சிறைவாசிகளின் மனத்துயரை ஆற்றும் முறை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உடனிருந்து நடத்துவார். சிறையில் நடக்கும் ஓவிய வகுப்பு வேறு, இது வேறு. வகுப்பில் கை திருந்த வேண்டும். இங்கே கோடு கோணினாலும் யாரும் திருத்துவதில்லை.

கைதிகளின் கைவேலையைத் தொடக்கத்தில் ஆராய்ந்தவர்கள் மருத்துவர்கள். இத்தாலியரான செசாரே லொம்ப்ரோசோ, சிறைச் சுவர்களிலும் தண்ணீர்க் கூஜாக்களிலும் அவர்கள் கிறுக்கியவற்றைத் திரட்டி 1888இல் நூலாக்கினார். குற்றவாளி பிறவியிலேயே வேறானவன் என்று நம்பிய அவர், அந்தக் கிறுக்கல்களில் சான்று தேடினார். அவற்றை மனித வெளிப்பாடாகப் பார்க்கும் கண், ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹோர்ன் 1926இல் வெளியிட்ட நூலில்தான் கிடைத்தது. 'கலைச் சிகிச்சை' என்ற பெயரை 1942இல் வழங்கியவர் ஆங்கில ஓவியர் அட்ரியன் ஹில். காசநோய் மருத்துவமனையில் தாமே படம் வரைந்து தேறியவர் அவர்.

சிறைக்குள் இம்முறையின் வலிமையை உலகம் கண்டது ஸ்காட்லாந்தில். கிளாஸ்கோவின் பார்லினி சிறையில், வேறெந்தச் சிறையும் அடக்க முடியாத கைதிகளுக்கென 1973இல் ஒரு சிறப்புப் பிரிவு திறக்கப்பட்டது. காவலர்களும் கைதிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்த இடம் அது. கலைச் சிகிச்சையாளர் ஜாய்ஸ் லெய்ங் அங்கே களிமண்ணைக் கொண்டுபோனார். கொலை வழக்கில் 1967இல் ஆயுள் தண்டனை பெற்ற ஜிம்மி பாயில் அதைக் கையில் எடுத்து உருவங்கள் பிடித்தார். பின்னர் அவர் கையில் உளியும் சுத்தியலும் தரப்பட்டன. எவரிடம் கூரான பொருள் எதையும் நம்பிக் கொடுக்க முடியாது என்றிருந்தார்களோ, அவரே கல்லைச் செதுக்கினார். சிறையிலிருந்தபடியே அவர் வடிவமைத்த பெரிய கான்கிரீட் 'கலிவர்', 1976இல் எடின்பரோவின் கிரெய்க்மில்லரில் நிறுவப்பட்டது.

இது ஏன் பலிக்கிறது? சிறையில் அழுகையும் அச்சமும் வெளியே தெரிந்தால் ஆபத்து. வாய்விட்டுச் சொன்னவனை மற்றவர்கள் மிதித்துவிடுவார்கள். சொல்ல முடியாததைப் படம் சொல்லிவிடும், அதைத் தன்னுடையது என்று வரைந்தவர் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா சிறைகளில் டேவிட் கஸ்ஸாக் 2000க்குப் பின் நடத்திய ஆய்வுகளில், பங்கேற்றோரின் மனச்சோர்வு குறைந்தது அளவிடப்பட்டது.

பிரிட்டனில் 1997 முதல் இது சட்டப்படி பதிவு பெற்ற தொழில். பார்லினியின் சிறப்புப் பிரிவோ, அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1994இல் மூடப்பட்டுவிட்டது.