ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு

காரின் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் நிறத்தில் எரிந்து, சில விநாடிகளில் அணைந்துவிட வேண்டிய விளக்கு இது. அணையாமல் நின்றாலோ, ஓடும்போது திடீரென எரிந்தாலோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு வேலையிலிருந்து விலகிவிட்டது என்று பொருள். சாதாரண பிரேக் அப்போதும் பிடிக்கும். ஆனால் மழைச் சாலையில் பெடலை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் வழுக்கும்; ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு கூடவே எரிந்தால், அது வேறு விஷயம். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அல்லது முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் இபிடியும் செயலிழந்திருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

மின்னணுவால் இயங்கும் இன்றைய வகை ஏபிஎஸ், 1978இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத் தயாரிப்பாக மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். அதனால் ஒரு காலத்தில் ஆடம்பரக் கார்களின் தொல்லையாக இருந்த இந்த விளக்கு, இன்று சிறிய கார் வைத்திருப்பவருக்கும் பழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் ஒரு பல் வளையம் அல்லது காந்த வளையம் சுழல்கிறது. அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் சென்சார், சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் மாடியூலுக்குச் சொல்கிறது. ஒரு சக்கரம் மட்டும் சட்டென வேகம் இழந்தால், அது பூட்டப்போகிறது என்று மாடியூல் புரிந்துகொண்டு, வால்வுகளைத் திறந்து மூடி அந்தச் சக்கரத்தின் ஆயில் அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டுகிறது. பழுதுகளில் பெரும்பகுதி சென்சார், வளையம், வயர் ஆகிய மூன்றில்தான் இருக்கும். சேறும் தண்ணீரும் குலுக்கலும் நேராகப் படும் இடம் அது.

விளக்கு எப்போது எரிகிறது என்பதே முதல் துப்பு. சாவி போட்டதிலிருந்தே அணையவில்லை என்றால் ஃபியூஸ், அறுந்த வயர், மாடியூல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பேட்டரி மின்னழுத்தம் குறைந்தாலும் இப்படி நேரும். வண்டி நகர்ந்து சற்று வேகம் எடுத்த பிறகு எரிந்தால், வேக சிக்னலில்தான் சந்தேகம்.

அடுத்தது, பழுதுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை, படிக்கும் ஸ்கேனர். விலை மலிந்த சிறு கருவிகள் பல, எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். பிரேக் அமைப்பின் கோடுகள் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்குபவை. சி0035 முன் இடது சக்கரத்தையும், சி0040 முன் வலது சக்கரத்தையும் குறிக்கும். இங்கேதான் வீண்செலவு தொடங்குகிறது. கோடு சொல்வது எந்த மூலை என்பதை மட்டுமே. எந்தப் பொருள் கெட்டது என்பதை அல்ல. கோடைப் பார்த்ததும் புது சென்சார் வாங்கிப் போட்டு, விளக்கு மறுபடி எரிவதைப் பார்த்து நிற்பவர்கள் ஏராளம். எலி கடித்த வயர், பச்சை பூத்த கனெக்டர், விரிசல் விட்ட வளையம் எல்லாம் அதே கோடைத்தான் தரும். பேரிங் மாற்றிய கையோடு விளக்கு எரிந்தால், காந்த வளையம் உள்ள பக்கத்தை மாற்றிப் பொருத்திவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவுதானா என்பதும் கவனிக்கத் தக்கது.

பழைய காயில் வகை சென்சாரை மல்டிமீட்டரில் அளந்துவிடலாம். பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் ஓம் அளவில் காட்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சிறிது ஏசி மின்னழுத்தமும் வரும். இன்றைய கார்களில் உள்ள ஆக்டிவ் சென்சாரை ஓம் வைத்து அளப்பதால் பயனில்லை. அது கெட்டும் போகலாம். அதற்கு ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் அருகருகே வைத்து, மெல்ல ஓட்டிப் பார்ப்பதே சரியான வழி. மற்ற மூன்றும் மணிக்கு 15 கிலோமீட்டர் காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால், குற்றவாளி அந்த மூலையில் இருக்கிறது.

விளக்கு எரியாமலே பழுது வேலை காட்டுவதும் உண்டு. அது இன்னும் ஆபத்தானது. சாலையில் உப்பு தூவும் அமெரிக்க மாநிலங்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்அப் டிரக்குகளின் ஹப்பில் துரு பிடித்து, சென்சார் சற்று மேலெழும்பியது. இடைவெளி கூடியதால், மெல்ல ஓடும்போது சிக்னல் வலுவிழந்தது. சக்கரம் பூட்டுகிறது என்று மாடியூல் தவறாக எண்ணி, நிற்கப் போகும் நேரத்தில் பிரேக்கைத் தளர்த்தியது. இதற்காக 2005இல் அந்நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. நிற்கும் தறுவாயில் பெடல் காலடியில் அதிர்ந்தால், இந்தத் துருவைத்தான் முதலில் தேட வேண்டும். சென்சாரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

மாடியூல் கெட்டிருந்தால் செலவு பெரிது. உள்ளே சால்டர் விட்டுப்போயிருந்தால், அதை மட்டும் சரிசெய்து தரும் பட்டறைகளும் உண்டு. எரிவது மஞ்சள் விளக்குதானே என்று விடுவதும் சரியல்ல: 2023இல் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தன. மாடியூலுக்குள் பிரேக் ஆயில் கசிந்து ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பதே காரணம்.

மாடியூலைக் கழற்றி மாட்டினால், பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். உள்வால்வுகளில் தங்கிய காற்று, பெடலை மிதித்து மட்டும் வராது. பல கார்களில் ஸ்கேனர் வழியே பம்பை இயக்கித்தான் எடுக்க முடியும். அதன்பின் கோடை அழித்து, ஆளில்லாத சாலையில் ஓட்டி, ஓரிரு முறை பலமாக பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே வண்டியை உரிமையாளரிடம் தர வேண்டும்.