ஒரு கம்பியில் பதினாறு வழிகள்

கிண்ணியாத் துறையில் ‘பாதை’ என்று நாம் அழைக்கும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்ற காலம், 2009இல் பாலம் திறக்கப்பட்டதோடு முடிந்தது. அந்தப் பாலத்தைக் கடந்து குறிஞ்சாக்கேணியில் நண்பர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஆர்மோனியம் வாசித்து இஸ்லாமிய கீதங்கள் பாடியவர். பேரன் புதிதாக ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கிக் கணினியோடு இணைத்திருந்தான். இடது கைக்குச் சுருதி, வலது கைக்கு மெட்டு. ஆனால், கமகத்துக்காகச் சக்கரத்தை அசைத்த போதெல்லாம் சுருதியும் சேர்ந்தே வழுக்கியது. “கட்டைக் கருவிக்கு நம்முடைய இசை வராது” என்று நண்பர் முடிவே கட்டிவிட்டார்.

இது பழைய குற்றச்சாட்டு. கமகம் பேசாது என்பதையே முக்கிய காரணமாகக் காட்டி, அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அத்தடை தளரத் தொடங்கியது 1971இல்தான்.

ஒரே கட்டை வரிசையைப் பிரித்து இரண்டு குரல் கொடுப்பதும் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆர்மோனியங்களில் கீழ்ப்பாதிக்கும் மேற்பாதிக்கும் தனித்தனி இழுப்பான்கள் இருந்தன. இன்று ‘ஸோன்’ எனப்படுவது அந்த எல்லைக்கோடுதான். எந்தக் கட்டை முதல் எந்தக் கட்டை வரை என்பதை அது சொல்லும். அந்தச் சுரம் யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வது ‘சனல்’.

சனலின் கதை 1981இல் தொடங்குகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகளுக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்று அமெரிக்கரான டேவ் ஸ்மித் அவ்வாண்டு முன்மொழிந்தார். அவருடன் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ ககேஹாஷியும் சேர்ந்து பாடுபட்டார். 1983 ஜனவரியில் கலிபோர்னியாக் கண்காட்சியொன்றில் இருவரது நிறுவனக் கருவிகளும் ஒரு கம்பியால் பேசிக்கொண்டன. அம்மொழியே மிடி. அதற்கு உரிமக் கட்டணம் எதையும் அவர்கள் கேட்கவில்லை. இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

மிடிக் கம்பியில் ஓடுவது ஒலியன்று, செய்தி. எந்தக் கட்டை, எவ்வளவு விசை, எப்போது விடுபட்டது என்பன போன்ற விபரங்களே அதில் செல்லும். தபாற்பையில் கிடக்கும் கடிதங்களைப் போல ஒவ்வொரு சுரச் செய்தியிலும் முகவரி உண்டு. முகவரிக்கு ஒதுக்கப்பட்டவை நான்கு பிட்டுகள். ஆகவே பதினாறு சனல்கள்.

சிக்கல் இங்கேதான். மிடியில் சுரத்தை வளைக்கும் செய்தி ஒரு கட்டைக்கு உரியதன்று. சனல் முழுவதற்கும் உரியது. பேரனின் பியானோவில் ஸோன்கள் இரண்டு, சனலோ ஒன்று. வலது பக்கத்தை இரண்டாம் சனலுக்கு மாற்றி, சக்கரத்தின் செய்தியும் அதற்கே போகும்படி அமைத்தான். சுருதி அசையாமல் நின்றது. மெட்டு மட்டும் வளைந்தது.

ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சனல் தரும் ஏற்பாட்டை மிடி அமைப்பு 2018இல் ஏற்றது. ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்கும் வசதி, 2020இல் வந்த மிடி 2.0இல் மொழியின் பகுதியாகவே ஆயிற்று. நம் செவி நெடுங்காலமாய்க் கேட்டுவந்ததைக் கருவி மெல்ல எட்டுகிறது.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. பேரனைச் சற்று நகரச் சொல்லிவிட்டு, அவரே அமர்ந்து கட்டையில் விரல் வைத்தார்.