விமானம் இல்லாத விமானந்தாங்கிக் கப்பல்

நிலாவெளிக் கடற்கரையில பின்னேரம் நாங்கள் நாலு பேர் சேர்ந்தால், எந்தக் கதை தொடங்கினாலும் கடைசியில் கப்பலிலயும் பிளேனிலயும்தான் போய் நிற்கும். ஜப்பானின்ட ஸீரோ திறமா, பிரிட்டனின்ட ஹரிக்கேன் திறமா? ஒருத்தன் ஸீரோ பறக்கிற தூரத்தைச் சொல்லுவான். மற்றவன், "அதுக்குக் கவசமே இல்லை, எண்ணெய்த் தாங்கியில சூடு பட்டால் சரி" எண்டு மடக்குவான். எண்கள் எல்லாம் பாடம். ஆனால் இந்த இரண்டு விமானமும் மோதினது எங்கட வானத்திலதான் எண்டது கனபேருக்குத் தெரியாது.

1942 ஏப்ரல் 9, காலை. நான்கு நாட்களுக்கு முன், ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை இப்போது திருகோணமலைக்குக் கிழக்கே நின்றது. 5 விமானந்தாங்கிகள். அவற்றிலிருந்து கிளம்பிய சுமார் 130 விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதம் ஒன்று எரிந்தது. துறைமுகத்துக்குள் நின்ற சகாயிங் என்ற கப்பலும் தீப்பிடித்தது. பிறகு மூழ்கடிக்கப்பட்ட அந்தக் கப்பலை 2018இல்தான் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் மேலே கொண்டுவந்தார்கள்.

அன்றைய பெரிய இழப்பு துறைமுகத்துக்கு வெளியேதான் நடந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று முதல் நாளே தெரிந்திருந்தது. அதனால் ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கியும் வம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் இரவோடிரவாகத் தெற்கே அனுப்பப்பட்டன. காலையில் திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டன. 80க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள். ஹெர்மீஸ் மூழ்க அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அதில் 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் சுமார் 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் காப்பாற்றியது.

இப்ப எங்கட எண்களை எடுத்துப் பார்ப்பம். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் ஹெர்மீஸ். ஆனால் அது 1924இல் சேவைக்கு வர முன்னமே, 1922இல், ஜப்பான் தன்னுடைய ஹோஷோவை முடித்துவிட்டது. 1921இல் ஜப்பானியக் கடற்படைக்கு விமானம் ஓட்டப் பழக்கப் போனது செம்பில் என்பவர் தலைமையிலான ஒரு பிரிட்டிஷ் குழு. ஆக, படிப்பித்தவர்களின் கப்பலைப் படித்தவர்களே இருபது வருசம் கழிச்சு எங்கட கடலில் வந்து மூழ்கடித்தார்கள்.

அதைவிடப் பெரிய விசயம்: அன்று காலை ஹெர்மீஸில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் இறக்கப்பட்டிருந்தன. உதவிக்கு வரவேண்டிய விமானங்களோ, தாக்குதலில் தொடர்புகள் குழம்பிப்போனதால், கப்பல் மூழ்கிய பிறகுதான் வந்து சேர்ந்தன. கப்பலின் நீளம், வேகம், பீரங்கி எண்ணிக்கை எண்டு எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இது தெரியாது. போரில் ஒரு ஆயுதம் என்ன செய்யும் என்பதை ஒரு டெலிபோன் இணைப்பும், சரியான நேரத்தில் வராத ஒரு கட்டளையும் தீர்மானிக்கலாம்.

இன்னொரு விசயத்தையும் சொல்லத்தான் வேணும். எங்களுக்கு முதல் எங்கட அம்மா அப்பாவுக்கும் விமானங்களின் பெயர் எல்லாம் பாடம். கிபிர், மிக், சியாமாசெட்டி, சகடை. அவர்கள் அதை யூடியூபில் பார்த்துப் படிக்கவில்லை. சத்தத்தை வைத்து எது வருகுது, பங்கருக்குள்ள ஓட நேரம் இருக்கா எண்டு கணக்குப் போடப் படித்தார்கள். 2006 ஏப்ரலில் குடாவுக்கு அங்கால சம்பூர்ப் பக்கம் குண்டு விழுந்தபோது எங்கட வயதுக்காரர் சின்னப் பிள்ளைகள். நாங்கள் கிபிரின்ட வேகத்தைப் பற்றி உற்சாகமாகக் கதைக்கும்போது, வீட்டில் பெரியவர்கள் எழும்பிப் போறதை இப்பதான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறம்.

இதுக்காக இந்தக் கதையை விடச் சொல்லவில்லை. எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அடுத்தமுறை டவுனுக்குப் போகும்போது நிலாவெளி வீதியில் இருக்கிற யுத்த மயானத்தில் ஒருக்கா இறங்குங்கோ. முந்நூறுக்கும் மேற்பட்ட கற்கள். வயதை மட்டும் வாசிச்சுக்கொண்டு நடவுங்கோ. கனபேர் எங்கட வயது.

அந்தக் கற்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு. அன்று துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், சத்தம் கேட்டுக் காட்டுக்குள் ஓடின குடும்பங்கள் எல்லாம் வீட்டுக் கதைகளில்தான் இருக்கினம். 1942இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்ப தொண்ணூறு தாண்டிவிட்டது. உங்கட வீட்டில், பக்கத்து வீட்டில் அப்படி ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கோ. கேட்டதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. ஸீரோவா ஹரிக்கேனா எண்ட சண்டையைப் பிறகும் பிடிக்கலாம்.