எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது: கொழும்பு நூதனசாலையை ஒரு வழிகாட்டியோடு பார்த்தல்

போர் முடிந்த பின்னரான வருடங்களில் கிளிநொச்சி நகரில், ஏ-9 வீதியோரமாக, ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி சரிந்து கிடந்தது. தெற்கிலிருந்து வந்த பஸ்கள் அதன் முன்னால் நின்றன. ஆட்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். அப்படியே புதுக்குடியிருப்புப் பக்கம் போய், காட்டுக்குள் இருந்த நிலக்கீழ் வீட்டையும் பார்த்தார்கள். 2013 ஒக்டோபரில் அது தகர்க்கப்படும் வரை அந்தப் பார்வையிடல் நடந்தது. எதைப் பார்க்க வேண்டும், அதை எப்படி விளங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள். சொல்லுகிறவர்களாக நாங்கள் இருக்கவில்லை. வீதியோரம் நின்று பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதனால்தானோ என்னவோ, நூதனசாலை என்றால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பெரிய விருப்பம் கிடையாது. அம்மாவின் கண் சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போயிருந்தபோது ஒரு நாள் மிச்சமாக இருந்தது. கூட வந்திருந்த பக்கத்து வீட்டு அன்ரியையும் சேர்த்து, "நூதனசாலைக்குப் போவமா?" என்று கேட்டேன்.

"பழசைப் பாக்கிறதுக்கு ஏன் பிள்ளை காசு குடுத்து? எங்களிட்ட இல்லாத பழசே?" என்றார் அம்மா.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்த ஒரு தோழி கொழும்பில் வேலை செய்கிறாள். அவளிடம் இரண்டு மணித்தியாலம் கேட்டேன். "முழுவதையும் காட்ட மாட்டன். நாலு பொருள் காட்டுறன். சம்மதமெண்டால் வா" என்றாள். கூட்டத்தோடு அள்ளுப்பட்டுப் போகாமல், எங்கள் மூன்று பேருக்காக மட்டும், எங்கள் மொழியில் ஒருவர் நின்று விளக்குவது என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு மணித்தியாலம் பற்றியது. போக நினைப்பவர்களுக்கு உதவக்கூடிய சில விடயங்களும் இதில் உண்டு.

கட்டடமே முதற் பொருள்

கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் உள்ள தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அன்றைய பிரித்தானிய ஆளுநர் வில்லியம் கிரகரி இதற்கான முயற்சியை எடுத்தார். முன்றலில் நிற்பது அவருடைய சிலைதான். வரைபடம் கீறியவர் ஜேம்ஸ் ஸ்மிதர் என்ற கட்டடக் கலைஞர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரர். 'உமக்கு என்ன வேண்டும்?' என்று ஆளுநர் கேட்டபோது, 'வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வைக்க வேண்டும்' என்று மட்டும் அவர் கேட்டாராம். நெடுங்காலம் அந்த வழக்கம் பேணப்பட்டதாகவும் சொல்வார்கள்.

தோழி இதை வாசலில் நின்றே சொன்னாள். அன்ரி நிமிர்ந்து வெள்ளைத் தூண்களைப் பார்த்தார். "கட்டினவனுக்கும் ஒரு கதை இருக்கு" என்றார்.

அதே 1877இல்தான் கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி தமிழர், தாய் ஆங்கிலேயர். இந்த நூதனசாலையில் இருந்த வெண்கலப் படிமங்களைப் பற்றி 1914இல் தனி நூலே எழுதியவர் அவர். பின்னர் அமெரிக்காவின் பொஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து, 1947இல் அங்கேயே காலமானார். நடராசர் வடிவத்தின் பொருளை மேற்குலகம் விளங்கிக்கொண்டதில் அவருடைய எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பொலன்னறுவையின் வெண்கலங்கள்

993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படை இலங்கைக்கு வந்தது. பொலன்னறுவை சோழரின் தலைநகராகி, சனநாதமங்கலம் என்று பெயர் பெற்றது. 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். அந்தக் காலத்துச் சிவன் கோயில்களில் வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் பொலன்னறுவையில் நிற்கிறது. அங்குள்ள சிவாலய இடிபாடுகளை 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல் அகழ்ந்தபோது, நடராசர், பார்வதி, நாயன்மார் என்று பல வெண்கலப் படிமங்கள் மண்ணுக்குள் இருந்து வெளியே வந்தன. அவை தென்னிந்தியாவில் வார்க்கப்பட்டு இங்கே வந்தனவா, இங்கேயே வார்க்கப்பட்டனவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை.

எப்படி வார்ப்பார்கள் என்று தோழி விளக்கினாள். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன் மேல் களிமண் பூசிக் காயவைப்பார்கள். நெருப்பில் சூடாக்கும்போது மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் உருவம் வெளியே வரும். அச்சு உடைந்துவிடுவதால் ஒவ்வொரு படிமமும் ஒன்றே ஒன்றுதான். அதே போல் இன்னொன்று கிடையாது.

சுந்தரமூர்த்தி நாயனாரின் முன்னால் அம்மா நின்றுவிட்டார். இளைஞனாக, அலங்காரத்தோடு நிற்கும் உருவம். "இவர் பாடின கோயில் எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கு அம்மா" என்றாள் தோழி. மன்னார் திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடியிருக்கிறார்கள். சிவராத்திரிக்கு வன்னியிலிருந்து பஸ் பிடித்துப் போகிற அதே கோயில்.

"மண்ணுக்குள்ள ஏன் கிடந்தது?" என்று அம்மா கேட்டார்.

"சண்டைக் காலத்தில ஐயர்மார் ஒளிச்சு வைச்சிருக்கலாம் எண்டு சொல்லுகினம். பிறகு வந்து எடுக்கலாமெண்டு நினைச்சிருப்பினம். வர ஏலாமல் போயிருக்கும்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நாங்களும் தாட்டனாங்கள் பிள்ளை."

2008 கடைசியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது, பின்வளவுப் பலா மரத்துக்குக் கீழே கிடங்கு வெட்டி, உரப்பையில் சுற்றித் தாட்டவை: ஒரு குத்துவிளக்கு, வெண்கலச் செம்பு, இரண்டு மூக்குப்பேணி. செட்டிக்குளம் முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தபோது பலா மரம் இல்லை. அளந்து வைத்த அடையாளமும் அதோடு போய்விட்டது. மூன்று இடத்தில் தோண்டி மூக்குப்பேணிகளை மட்டும் எடுத்தோம். விளக்கு இன்னும் கிடைக்கவில்லை.

திருகோணமலைக் கதையைத் தோழி அப்போது சொன்னாள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். ஏறத்தாழ முந்நூறு வருடங்களுக்குப் பிறகு, 1950இல், அங்கே ஒரு கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் உட்பட வெண்கலத் திருவுருவங்கள் வெளிவந்தன. அவை கண்ணாடிப் பெட்டிக்குள் போகவில்லை. கோயிலுக்கே திரும்பிப் போய்ப் பூசை காண்கின்றன.

"அப்ப எங்கட விளக்கும் கிடக்கும்" என்றார் அம்மா.

காலிக் கல்வெட்டு

அடுத்தது ஒரு கல். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டிய கல் இது. பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. 1911இல் காலி நகரில், ஒரு வடிகாலின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் இது அடையாளம் காணப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரை, அதாவது விஷ்ணுவைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாம் சார்ந்தது. காணிக்கைப் பட்டியல்களோ பெரும்பாலும் ஒன்றே போல இருக்கின்றன. சீனப் பகுதியில் ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று அந்தப் பட்டியல் தொடங்குகிறது.

அறுநூறு வருடங்களுக்கு முன்பு இந்தத் தீவின் தெற்குக் கரையில் ஒரு செய்தியை எல்லோருக்கும் சொல்ல நினைத்த ஒரு வெளிநாட்டவர், அதைத் தமிழிலும் எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தேய்ந்த கல்லில் தனக்குத் தெரிந்த எழுத்தை அம்மா தேடிக்கொண்டிருந்தார். சிகிச்சை செய்த கண்ணால் இரண்டு எழுத்தைக் கண்டுபிடித்தும் விட்டார்.

போனதும் திரும்பியதும்

கடைசியாகக் கண்டி மன்னர்களின் சிம்மாசனம். 1815இல் கண்டி வீழ்ந்தபோது பிரித்தானியர் இதை எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் கடைசியாக அமர்ந்தவர் தென்னிந்திய நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். சிம்மாசனம் 1934இல் திரும்பி வந்தது. மன்னர் வரவில்லை.

திரும்பி வருவது இப்போதும் நடக்கிறது. ஒல்லாந்தர் கொண்டுபோய் அம்ஸ்டர்டாம் நூதனசாலையில் இருந்த ஒரு பீரங்கி உட்பட ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. திரும்பாதவையும் உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்த பொன் முலாம் பூசிய தாரா தேவியின் வெண்கலச் சிலை, 143 சென்ரிமீற்றர் உயரமானது, லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. 1830இல் அதை அங்கே கொடுத்தவர் முன்னாள் ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக். லண்டனில் இருக்கும் எங்கள் உறவுகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் திருவாலங்காட்டு நடராசரும் உண்டு.

வெளியே வரும் வழியில் அன்ரி ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் நின்று நின்று வந்தார். சிலையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் எங்க எடுத்தது, எந்தக் காலம் எண்டு எழுதி வைச்சிருக்கினம்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

அன்ரியின் மகனைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு வரியும் கிடைக்கவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது, அன்ரியும் அங்கே போய் இருந்தவர். அவர் கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான். எங்கே, எப்போது.

நாங்கள் மூவரும் ஆல மர நிழலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு

முதலாவது, எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். நான்கு அல்லது ஐந்து பொருட்களை முன்கூட்டியே தெரிவு செய்யுங்கள். வயதானவர்களோடு போனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். காலையில் திறந்தவுடன் போனால் கூட்டம் குறைவு, வெயிலும் குறைவு.

இரண்டாவது, மொழி. தமிழில் விளக்கம் வேண்டுமானால் போகும் நாளுக்கு முன்னரே எழுதிக் கேளுங்கள். அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை நாட்டின் அரசியலமைப்புத் தருகிறது. கடிதம் ஒன்று எழுதினால் போதும். பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கலை வரலாறோ தொல்லியலோ படித்த எங்கள் பிள்ளைகள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள், அவர்களின் நேரத்துக்கு உரிய பணத்தையும் கொடுங்கள்.

மூன்றாவது, வழிகாட்டியிடம் கேள்வி கேளுங்கள். எங்கே கிடைத்தது? யார் எடுத்தார்கள்? அதற்கு முன் எங்கே, எதற்காக இருந்தது? இங்கே எப்படி வந்தது? இதைப் பற்றி வேறு விதமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. நல்ல வழிகாட்டி அதற்குக் கோபிக்க மாட்டார். கோபிப்பவர் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, படம் எடுக்க முடியுமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். பொருட்களைத் தொடாதீர்கள். கையின் வியர்வை வெண்கலத்தையும் கல்லையும் காலப்போக்கில் அரிக்கும்.

தூரம் போக முடியாதவர்களுக்கு வவுனியா நகரிலும் யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலும் தொல்லியல் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

இரவு பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அடுத்த நாள் காலை அம்மா என்னைக் கொப்பி ஒன்று எடுத்துவரச் சொன்னார். தான் சொல்லச் சொல்ல எழுதும்படி சொன்னார். குத்துவிளக்கு ஒன்று. அம்மம்மா சீதனமாகக் கொண்டுவந்தது. 2008 கடைசியில் தாட்டது. கிணற்றுக் கட்டிலிருந்து வடக்கே, அம்மாவின் கணக்கில், பதினொரு எட்டு.

வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "பன்னிரண்டு எண்டு மாத்து" என்றார். மாற்றினேன். மூக்குப்பேணிகள் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறோம்.