ஆவடிக் களிப்பாறையும் அத்திரம்பாக்கத்துக் கற்கோடரியும்

ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு போடும்போது பல இடங்களில் சாம்பல்நிறக் களிப்பாறை மேலே வரும். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் நீரடியில் படிந்த சேறு இறுகி உண்டானது அது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இதே வகைப் பாறையைப் பிளந்தால் சைக்கஸ் போன்ற தாவரங்களின் இலைத் தடம் கிடைக்கும். பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் பரவுவதற்கு முந்தைய இலைகள் அவை. இலை அழுகிப் போனாலும் அதன் நரம்பு வரை பாறையில் பதிந்திருக்கிறது. இப்படிப் பதிந்ததும் புதைபடிவமே.

இந்தப் பாறைகளை ஆராய்ந்து வரைபடமாக்கியவர்களுள் முக்கியமானவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே மாதம் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, வில்லியம் கிங்குடன், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார். அங்கே குவார்ட்சைட் கல்லில் செதுக்கிய கைக்கோடரிகள் ஏராளமாகக் கிடந்தன.

அந்தக் கல்லுக்கே நீண்ட வரலாறு உண்டு. முதலில் அது மணல். மணல் இறுகிப் பாறையாகி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் குவார்ட்சைட் ஆனது. அந்தப் பாறை உடைந்து, பழைய ஆறுகளில் உருண்டு கூழாங்கல்லாயிற்று. அக்கற்கள் ஒட்டி இறுகிய பாறைதான் அருகிலுள்ள அல்லிக்குழிக் குன்றுகளில் இருக்கிறது. அங்கிருந்து சரிந்து வந்த கற்களைத்தான் மனிதர் எடுத்துச் செதுக்கினர்.

அத்திரம்பாக்கத்தில் செம்மண் சரளைக்குக் கீழுள்ள களியை ஆவடிக் களிப்பாறை என்றே நெடுங்காலம் கருதினார்கள். டைனோசர் காலத்துப் பாறைக்குள் மனிதர் செய்த கருவி இருக்க முடியாதல்லவா? 1999 முதல் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அந்தக் களிக்குள்ளேயே கருவிகளைக் கண்டனர். அது பாறை அல்ல, பழைய வெள்ளம் கொண்டுவந்த வண்டல். விலங்குப் பற்களும் குளம்புத் தடங்களும் கூட அங்கே கிடைத்தன.

காலத்தைக் கணிக்க உதவியது கல்லிலுள்ள குவார்ட்ஸ் கனிமம். நிலத்தின் மேல் கிடக்கும்வரை விண்கதிர்கள் பட்டு அதில் அரிய அலுமினிய, பெரிலிய அணுக்கள் உருவாகும். ஆழமாகப் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிஞ்சிய விகிதத்தை அளந்து, பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என 2011இல் அறிவித்தனர். இவ்வட்டாரக் கருவிகளைப் பூண்டியில் உள்ள தமிழகத் தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் காணலாம்.