ஈவென்டிங், இளையோர் பிரிவு

ஈவென்டிங் என்பது, ஒரே வீரரும் ஒரே குதிரையும் டிரஸாஜ் என்னும் ஒழுங்குநடை, திறந்தவெளியில் பெயராத் தடைகளைக் கடந்தோடும் கிராஸ் கன்ட்ரி, அரங்கினுள் தடைதாண்டல் ஆகிய மூன்று பரீட்சைகளிலும் பெறும் தண்டப்புள்ளிகளைக் கூட்டி, அவை குறைந்தவருக்கே வெற்றியளிக்கும் அசுவப் போட்டியாகும். குதிரைப்படையின் பரீட்சையாகத் தோன்றி, 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பிரவேசித்த இது நெடுங்காலம் ராணுவ உத்தியோகஸ்தர்களின் வித்தையாகவே கருதப்பட்டது. ஒலிம்பிக் ஈவென்டிங்கில் பெண்ணொருவர் முதன்முதலாகப் பங்கேற்றது 1964-இல்தான்.

பிரிட்டனில் 1929-இல் தொடங்கிய போனி கிளப், குழந்தைகளுக்குச் சவாரியோடு லாயப் பராமரிப்பையும் கற்பிக்கிறது. சர்வதேசப் போட்டிகளில் போனிப் பிரிவு 12 முதல் 16 வயது வரையிலும், ஜூனியர் 14 முதல் 18 வரையிலும், இளம் வீரர் பிரிவு 16 முதல் 21 வரையிலும் அமையும். 148 செ.மீ. உயரத்துக்கு மேற்படாத போனியைப் பிரிந்து முழுக்குதிரைக்கு மாறும் பருவமே, சவாரியின் நுட்பங்களை மறுபடி கற்க நேர்வதால், இம்மார்க்கத்தில் கடினமானதெனலாம்.

டிரஸாஜில் ஈட்டிய சாதகம் நிலையானதன்று. கிராஸ் கன்ட்ரியில் குதிரை ஒருமுறை தடையை மறுத்தால் 20 புள்ளிகளும், குறித்த காலத்தை மீறும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 புள்ளியும் சேரும். தடைதாண்டலில் கம்பொன்று விழுந்தால் 4 புள்ளிகள்.

இந்தியாவில், பெங்களூரில் குதிரை வைத்தியரின் மகனாகப் பிறந்து பின்னர் ஜெர்மனியில் பயின்ற ஃபவாத் மிர்ஸா, 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர், குழு ஆகிய இரண்டிலும் வெள்ளி வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆம் இடம் பெற்றார்.